புது அட்வென்ச்சர் கேமும் மார்க்குச் சண்டையும்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாடும் சின்ன கேம் கடை ஒன்றை எட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கால்பந்தும் மல்யுத்தமும் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேர் கதை உள்ள கேம் பிடித்தவர்கள். இவர்கள் நேரம் முடிந்தாலும் கவுண்டரை விட்டு நகர மாட்டார்கள், புதுசாக ஒரு கேம் வந்துவிட்டால் போதும், போனை நீட்டி 'இங்க 93 போட்டிருக்கான், கீழ எல்லாரும் திட்டுதான், எதை நம்ப?' என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

அண்ணாச்சி, எல்லா கேமுலயும் தான் ஓடுதான், சாடுதான். அப்புறம் அட்வென்ச்சர்னு தனியா என்னது?

பெயர் ஒரு பழைய கேமிலிருந்து வந்தது. 1976இல் வில் கிரவுதர் என்பவர் குகைக்குள் சுற்றுகிற மாதிரி ஒரு கேம் எழுதினார், அடுத்த வருடம் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். படமே கிடையாது, 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்தால் என்ன நடந்தது என்று எழுத்தில் பதில் வரும். அதை எல்லாரும் 'அட்வென்ச்சர்' என்றே கூப்பிட்டார்கள், வகைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அப்புறம் படம் வந்து, மவுஸால் சொடுக்கிப் புதிர் அவிழ்க்கிற வகை வந்தது. அதற்கும் பிறகு செல்டா, அன்சார்ட்டட் மாதிரி சண்டையும் கலந்த ஆக்‌ஷன் அட்வென்ச்சர். கடையில் ஒருவன் அட்வென்ச்சர் என்று கேட்டால் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான் கேட்கிறான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'சும்மா நடந்துகிட்டே இருக்கான், ஒரு சண்டை கூட இல்ல' என்று ஒரு கேமைத் திட்டுகிறவர்களில் பலர் வேறு வகையை எதிர்பார்த்து வந்தவர்கள். கேம் மேல் தப்பில்லை, காபிக் கடையில் போய் சர்பத் கேட்ட கதை.

மெட்டாகிரிட்டிக்ல மார்க்கு யாரு போடுதா? அந்த ஆபீஸ்ல உக்காந்து வெளையாடுவாங்களா?

மெட்டாகிரிட்டிக் ஒரு இணையதளம், அங்கே யாரும் விளையாடி மார்க் போடுவதில்லை. உலகம் முழுக்க உள்ள பத்திரிகைகளும் தளங்களும் போட்ட மார்க்கை 100க்கு மாற்றிச் சராசரி எடுக்கிறார்கள். சாதாரணச் சராசரி கூட இல்லை, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. 1998இல் வந்த 'செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' 99 எடுத்து இன்னும் உச்சியில் நிற்கிறது.

பக்கத்தில் 10க்கு இன்னொரு எண் இருக்கும், அதுதான் ஆடுகிறவர்கள் போடுவது. கணக்கு ஒன்று தொடங்கினால் யார் வேண்டுமானாலும் போடலாம், அந்த கேமைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று கூடக் கட்டாயம் இல்லை.

72 எடுத்திருக்கு. பரீட்சையில ஃபர்ஸ்ட் கிளாஸ்லா? அதை ஏன் மோசம்ங்காங்க?

நமக்கு மார்க் என்றாலே 35 பாஸ், 60 முதல் வகுப்பு. கேம் உலகத்தில் கணக்கு வேறு. மெட்டாகிரிட்டிக்கில் கேமுக்கு 75 இருந்தால்தான் பச்சை, 50க்கு மேல் மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. அதே தளம் சினிமாவுக்கு 61லேயே பச்சை கொடுத்துவிடும். ஆக, அதே 72 சினிமாவுக்குப் பச்சை, கேமுக்கு மஞ்சள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஆனந்த விகடன் மார்க்கைக் கேட்டுப் பாருங்கள். '16 வயதினிலே' படத்துக்கு விகடன் போட்டது 62.5. அந்தக் காலத்தில் அது கொண்டாட்டம். கேம் பத்திரிகைக்காரர் ஒருவர் 62 போட்டால் அந்த ஸ்டுடியோவில் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எண் ஒன்றாக இருந்தாலும் தராசு வேறு. என்னைக் கேட்டால் 70 முதல் 80 வரை உள்ள கேம்களில்தான் நல்ல புதையல் கிடக்கிறது. ஒரு விஷயத்தை உருப்படியாகச் செய்துவிட்டு இன்னொன்றில் கோட்டை விட்ட கேம்கள் அவை, நமக்குப் பிடித்தது அந்த முதல் விஷயமாக இருந்துவிட்டால் லாபம்.

விமர்சகர்லாம் கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டுத்தான எழுதுதான்?

பெரும்பாலும் இல்லை. காசைவிட நுணுக்கமான சங்கதி இது. பெரிய கேம் வெளியாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே விமர்சகர்களுக்கு இலவசப் பிரதி வரும். இன்ன தேதி, இன்ன மணி வரை வாயைத் திறக்கக் கூடாது, கதையில் இன்னின்ன இடத்தைச் சொல்லக் கூடாது என்று நிபந்தனையும் கூடவே வரும். மீறினால் அடுத்த பிரதி வராமல் போகலாம். இதற்குப் பயந்து மார்க்கைக் கூட்டுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விமர்சகர் பார்ப்பது கம்பெனி காட்ட விரும்புகிற கேமாக இருக்க வாய்ப்பு உண்டு.

'சைபர்பங்க் 2077' இதற்கு நல்ல பாடம். அது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற ரோல்பிளேயிங் வகைதான், இருந்தாலும் இங்கே பொருந்தும். 2020 டிசம்பரில் வந்தபோது முன்கூட்டிக் கொடுத்ததெல்லாம் பிசி பிரதி, அதாவது கம்ப்யூட்டரில் ஆடுவது, விமர்சகர்கள் தாங்கள் பதிவு செய்த காட்சியைக் காட்டவும் முதலில் அனுமதி இல்லை. மார்க் 90ஐச் சுற்றி வந்தது. சோனியின் பழைய பிஎஸ்4 பெட்டியில் போட்டவர்களுக்கு அடிக்கடி கேம் நின்றுபோனது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது, திரும்பி வந்தது 2021 ஜூனில். விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் ஆடியது வேறு பெட்டியில். அதனால் விமர்சனத்தில் முதலில் தேட வேண்டிய வரி, எதில் ஆடிப் பார்த்தார் என்பது.

'லாஸ்ட் ஆஃப் அஸ்' ரெண்டாம் பாகத்துக்கு விமர்சகர் 93, வந்த புதுசுல ஜனங்க 4 கூட போடல. எது நெசம் அண்ணே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ரெண்டும் நிஜம், ஆனால் ரெண்டும் ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். 2020 ஜூன் 19 அன்று கேம் வந்தது. அதற்கு ரெண்டு மாதம் முன்பே கதையின் முக்கியமான காட்சிகள் கசிந்துவிட்டன. முதல் பாகத்தில் எல்லாருக்கும் பிடித்த ஆளுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்ததும் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கேமை முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் கடைக்கு வந்த சில மணி நேரத்திலேயே பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகக் குவிந்தது. ஆடாமல் போட்டவர்கள் நிறையப் பேர் என்பதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. மெட்டாகிரிட்டிக்கும் இதற்கு அடுத்த மாதமே, கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் ஜனங்கள் மார்க் போடலாம் என்று விதியை மாற்றியது.

அதற்காக ரசிகர் கோபம் முழுக்கப் போலி என்று தள்ளவும் முடியாது. விமர்சகர் அந்தக் கேமை ஒரு படைப்பாகப் பார்த்தார்: நடிப்பு, காட்சி, துணிச்சலான கதை. ரசிகர் ஏழு வருடம் காத்திருந்து, காசு கொடுத்து, பழகின ஆளைப் பார்க்கப் போனார். கல்யாண வீட்டுக்குப் போனவனிடம் 'துக்க வீடு, ஆனா ஏற்பாடு பிரமாதம்' என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? எங்கள் கடையிலேயே ஒரு பையன் அதை முழுசாக முடித்துவிட்டு, கண்ட்ரோலரை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, 'நல்ல கேம்ண்ணே, எனக்கு வேண்டாம்' என்றான். நான் படித்த எந்த விமர்சனத்தையும் விட அது எனக்குப் பிடித்தது.

அந்த வருட கேம் அவார்ட்ஸ் விழாவைப் பார்த்தாலும் இந்தப் பிளவு தெரியும். முதல் பரிசு முடிவில் நடுவர் குழுவுக்கு 90 சதவீதம், பொதுவாக்குக்கு 10 சதவீதம். அது 'லாஸ்ட் ஆஃப் அஸ்' ரெண்டாம் பாகத்துக்குப் போனது. முழுக்க ரசிகர் வாக்கில் கொடுக்கும் பரிசு 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வுக்கு. விமர்சகர் மார்க்கில் அது பத்துப் புள்ளி பின்னால், 83தான்.

ரிவ்யூ பாம்பிங்னு சொல்லுதாங்கள்லா, அது இதுதானா?

இதேதான், கூட்டமாகச் சேர்ந்து மார்க்கைக் கவிழ்ப்பது. காரணம் கேமுக்குள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 'ஃபயர்வாட்ச்' 2016இல் வந்த அமைதியான நடை கேம். ஒரு பிரபல யூடியூபர் இனவெறிச் சொல்லைச் சொன்னதால் அவர் தங்கள் கேமைக் காட்டக் கூடாது என்று அதைச் செய்தவர்கள் 2017இல் நோட்டீஸ் விட்டார்கள். உடனே அவருடைய ஆட்கள் கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் போய் அந்தக் கேமைக் குத்தித் தள்ளினார்கள். 2019 முதல் ஸ்டீம் இப்படிச் சம்பந்தமில்லாமல் வருகிற அலையைக் கண்டுபிடித்து மதிப்பெண் கணக்கிலிருந்து விலக்குகிறது. விமர்சனங்களை அழிப்பதில்லை, படிக்கலாம்.

ஸ்டீம்ல 'மிக்ஸ்டு'ன்னு இருந்தா வாங்கலாமா?

ஸ்டீமில் மார்க் கிடையாது, பிடித்தது, பிடிக்கவில்லை என்று ரெண்டே கட்டைவிரல். 40 முதல் 69 சதவீதம் பேருக்குப் பிடித்தால் 'மிக்ஸ்டு'. 95க்கு மேல் போய், விமர்சனமும் 500ஐத் தாண்டினால் 'ஓவர்வெல்மிங்லி பாசிட்டிவ்'. இதில் ஒரு நன்மை, வாங்கினவர்தான் கணக்கில் வருவார், எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். அதை முதலில் பாருங்கள். அரை மணி நேரம் ஆடித் திட்டினவர் பெரும்பாலும் தன் கம்ப்யூட்டரைத்தான் திட்டியிருப்பார். 'சமீபத்திய விமர்சனம்' என்று தனியாக ஒரு வரி உண்டு, மொத்தம் மிக்ஸ்டாக இருந்து சமீபத்தியது நன்றாக இருந்தால் கேமைச் சரிசெய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டிரெய்லர் வந்த அன்னைக்கே பழைய ரசிகர்லாம் ஏன் இந்தக் குதி குதிக்காங்க?

மனதில் ஏற்கெனவே ஒரு கேமை ஆடி முடித்துவிட்டார்கள், அதனால்தான். 'மங்கி ஐலண்ட்' தொடரை ஆரம்பித்த ரான் கில்பர்ட் பல வருடம் கழித்து 2022இல் 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' கொண்டு வந்தார். படம் வரைந்த பாணி பழைய மாதிரி இல்லை என்று அவரையே திட்டித் தீர்த்தார்கள். மனுஷன் தன் வலைப்பதிவில் கமெண்ட்டையே மூடிவிட்டார். செப்டம்பரில் கேம் வந்தது, விமர்சகர்கள் வரவேற்றார்கள், கொஞ்ச நாளில் படத்தைப் பற்றிப் பேச்சே காணோம்.

செல்டாவுக்கும் இதே கதை. 2001இல் 'விண்ட் வேக்கர்' காட்சியைக் கார்ட்டூன் மாதிரி காட்டினதும் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று எரிச்சல், இன்று அந்தத் தொடரிலேயே அழகானது எது என்று கேட்டால் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' 2024 ஜனவரியில் காட்டியபோது, முகமே தெரியாமல் அவர் கண் வழியாக ஆடுவதா என்று முனகினார்கள், நானும்தான். டிசம்பரில் வந்து ஆடிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். எல்லா நேரமும் ரசிகர் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், டிரெய்லரைப் பார்த்துப் பயந்தது சரியாகப் போன கேமும் ஏராளம். படத்தின் பாணியைப் பற்றிய கோபம் ஆறிவிடும், கதையைப் பற்றிய கோபம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. இது நான் கடையில் பார்த்தது.

10க்கு 8.8 கொடுத்தவனைக் கூடத் திட்டினாங்களாமே, உண்மையா?

உண்மை. 2006இல் 'செல்டா: ட்விலைட் பிரின்சஸ்' கேமுக்கு கேம்ஸ்பாட் என்கிற விமர்சனத் தளம் 8.8 போட்டது, அது பல வருடம் கேலிப்பேச்சாக ஓடியது. 2017இல் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' கேமுக்கு ஒரு விமர்சகர் 7 போட்டதற்கு அவர் தளத்தையே தாக்கி முடக்கினார்கள். அந்தக் கேமின் சராசரி 97. ஒருவர் 7 போட்டதால் எந்த ஆறும் வற்றிவிடவில்லை.

மார்க்கால் நிஜமாகவே காசு போன கதையும் இருக்கிறது. 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' 85 எடுத்தால் ஸ்டுடியோவுக்கு போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. அதைச் செய்தவர்களில் ஒருவரே பிறகு வெளியில் சொன்னார். ஆனால் ரசிகர்கள் சண்டை போடுவது இதற்காக இல்லை. 5,000 ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்கினவனுக்கு, தான் ஏமாறவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். 7 என்றால் அவனுக்கு அடி விழுந்த மாதிரி.

விமர்சகர் 'போர் அடிக்குது'ங்கான், எனக்கு அப்படித் தெரியலையே. நான் என்ன முட்டாளா?

இல்லை, நீ ஆடுகிற வேகம் வேறு. 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வருகிறது என்று பல விமர்சகர்கள் எழுதினார்கள். கட்டுரையைக் குறித்த நேரத்துக்குள் கொடுக்க ஒரு வாரத்தில் 40, 50 மணி நேரம் உட்கார்ந்தால் அப்படித்தான் தோன்றும். எங்கள் கடைக்குத் தச்சநல்லூரிலிருந்து ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான், மணி நேரத்துக்கு உள்ள காசை எண்ணிக் கொண்டுவருவான், ஒரு மணி நேரம் அந்தக் கேமை ஆடுவான். வாரத்துக்கு ஒரு முகாம், ஒரு நரி, ஒரு வாள் சண்டை. ஒரு நாள் கூட அவன் கொட்டாவி விட்டு நான் பார்த்ததில்லை. அவனுக்கு இருந்த ஒரே கவலை, போன வாரம் கதை எங்கே விட்டது என்பதுதான், அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தான். ஐந்தாவது மாதம் வேறொருவன் அவன் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தின் மேலேயே புது ஆட்டம் தொடங்கிவிட்டான், அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க நினைக்கிறேன்.

விமர்சகர்லாம் புகழ்ந்த கேம் ஏன் ஓடாமப் போவுது?

நல்ல படம் பெட்டிக்குள் போகிற மாதிரிதான். 1998இல் வந்த 'கிரிம் ஃபாண்டாங்கோ'வை விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், விற்பனை ஏமாற்றம். அப்போது சந்தை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வகைக்கு ஆள் இருக்கிறார்களா என்று அதைச் செய்த டிம் ஷேஃபர் 2012இல், ரசிகர்களிடமே பணம் திரட்டுகிற கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 4 லட்சம் டாலர் கேட்டுப் பார்த்தார், 33 லட்சத்துக்கு மேல் வந்தது. ஆள் இல்லாமல் இல்லை, அவர்களை எண்ண வழி இல்லாமல் இருந்திருக்கிறது.

'வெண்பா'ன்னு நம்ம ஆளுங்க கேம் வந்துச்சே, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருதுன்னு திட்டுதாங்க. அது சரியா அண்ணா?

கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் பழைய சமையல் குறிப்புப் புத்தகம், அதில் அழிந்துபோன வரிகளை நாமே யூகித்துச் சமைக்க வேண்டும். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் கொண்டுவந்தது, அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் முதல் படைப்புக்கான விருது வாங்கியது. முடிக்க ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும், அது உண்மை. சின்னது என்ற குறையை விமர்சகர்களும் எழுதினார்கள்.

நான் இதை வீட்டில் போட்டபோது இட்லி கட்டத்தில் அம்மா பின்னால் வந்து நின்றுவிட்டாள். நான் தட்டை அடுக்கத் திணறினதைப் பார்த்து 'ஏல, ஒன்னுக்கு மேல ஒன்னு நேரா வச்சா நசுங்கும்லா, திருப்பி வை' என்றாள். உலகத்தில் எந்தக் கேமுக்கும் அவள் இதற்கு முன்னால் வாய் திறந்ததில்லை. ரூபாயை மணி நேரத்தால் வகுத்துப் பார்ப்பவருக்கு இந்த இடம் கணக்கில் வராது, வரவும் வேண்டாம், அவர் காசு அவர் உரிமை. ஆனால் வெளியூர் விமர்சகர் ஒருவருக்கு யூகிக்க வேண்டிய புதிராக இருந்தது எங்கள் அம்மாவுக்குத் தினசரி வேலை. ஒரே கேம் அவரவர் வீட்டைப் பொறுத்து மாறுகிறது. இன்னொன்று: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் கீழே ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இந்த மாதிரிக் குட்டி கேமை முடித்துவிட்டே காசைத் திரும்ப வாங்கலாம். அப்படிச் செய்யாதீர்கள்.

முழுசா யூடியூப்லயே பாத்துட்டேன். நான் விமர்சனம் சொல்லலாம்லா?

கதையைப் பற்றிச் சொல்லலாம், கேமைப் பற்றி வேண்டாம். கயிற்றில் தாவும்போது விரல் தடுமாறுகிறதா, புதிரில் அரை மணி நேரம் முட்டினால் கோபம் வருகிறதா என்பதெல்லாம் பார்க்கிறவனுக்குத் தெரியாது. 'லாஸ்ட் ஆஃப் அஸ்' விஷயத்தில் மேலே சொன்ன பூஜ்ஜியங்களில் எத்தனை இப்படி வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் சொடுக்கிப் புதிர் அவிழ்க்கிற பழைய வகையில், பார்த்ததும் ஆடினதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை.

தம்பி, பையன் ரிலீஸ் அன்னைக்கே டிஸ்க் வேணுங்கான். வாங்கிக் கொடுக்கவா, பொறுக்கச் சொல்லவா?

பொறுக்கச் சொல்லுங்கள் சார், ஒரு மாதம் போதும். 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016 ஆகஸ்டில் வந்தபோது சொன்னதில் பாதி உள்ளே இல்லை, ஆடினவர்கள் கிழித்துவிட்டார்கள். செய்தவர்கள் வருடா வருடம் இலவசமாகச் சேர்த்துக்கொண்டே வந்து, 2024இல்தான் ஸ்டீமில் மொத்தக் கணக்கு 'வெரி பாசிட்டிவ்' ஆனது. ஆனால் பத்திரிகைகள் அன்று போட்ட மார்க் பெரும்பாலும் அப்படியே நிற்கும், யாரும் திரும்ப வந்து திருத்துவதில்லை. ஆக ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் விமர்சகர் சொன்னது, ஜனங்கள் முடித்துவிட்டுச் சொல்வது, பழுது பார்த்தாகிவிட்டதா என்பது மூன்றும் கையில் இருக்கும். விலையும் கொஞ்சம் இறங்கும். பையனுக்குச் சமாதானம் சொல்வது உங்கள் பாடு, யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்று அவன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

வாங்கிட்டுப் பிடிக்கலைன்னா நீங்க திரும்ப எடுப்பீங்களா அண்ணாச்சி?

எடுப்பேன். ஒரு டிஸ்க் அடிக்கடி திரும்ப வருவதை வைத்து அது மோசம் என்று முடிவு கட்டாதீர்கள், கதை கேம் முடிந்தால் திரும்பத்தான் வரும், அன்சார்ட்டட் நான்காம் பாகம் என் அலமாரிக்கு எத்தனை தடவை வந்து போயிருக்கிறது என்று எனக்கே கணக்கில்லை. ரெண்டு நாளில் வந்தால் ஏன் என்று கேட்பேன், கோபத்தில் சொல்கிற காரணத்தை அடுத்து வாங்குகிறவரிடம் அப்படியே சொல்லிவிடுவேன். கீறல் இருந்தால் எடுக்க மாட்டேன், பெட்டி இல்லாமல் கொண்டுவந்தால் நூறு ரூபாய் குறையும்.